முன்சீட்டில் இருந்தவள் சொன்ன செய்தி

நான் செய்தியாளர் இல்லை. போடியில் ஒரு அச்சகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஏலக்காய் மூட்டைக்கு லேபிள். தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சி நோட்டீசும் எங்களிடம்தான் வரும். காலையில் ஒரு கட்சிக்கு ‘வெற்றி நமதே’ என்று போட்டுக் கொடுத்துவிட்டு, மதியம் எதிர்க்கட்சிக்கு அதே வார்த்தையை அதே எழுத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். செய்தி என்றால் வேறு யாரோ எழுதுவது, நமக்குப் பிழை பார்ப்பதோடு சோலி முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அதை மாற்றியவர் அண்ணன். உறவுக்காரர் இல்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. மலையில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில், பிறந்தவர். பேச்சில் மலையாளம் கலந்து வரும். தொழிற்சங்கத்தில் பல வருஷம் இருந்து, அங்கே மனம் கசந்து வெளியே வந்து, போடியில் மனைவியோடு வாடகை வீட்டில் இருந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் மலைக்குப் போவதில்லை. ஆனால் மலையில் இருப்பவர்கள் அவருக்கு போன் பண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் கையால் எழுதிய நாலு தாளோடு அச்சகத்துக்கு வந்தார்.

“எந்தப் பேப்பர்லயும் இது வரலம்மா. மூணு பேருகிட்ட குடுத்துப் பாத்துட்டேன். நாமளே அடிச்சா எந்தா?”

ஒரு எஸ்டேட்டில் லயத்துக் கூரை ஒழுகுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வந்த வண்டி நின்றுபோனதும் அதில் இருந்தது. நான் தட்டிக் கொடுத்தேன். பெரிய தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நாலு பக்கம். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று என்று ஆனது. கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஓட்டுக் கேட்டு வந்தபோது சொன்னது, எதிர்ப்பக்கம் நடந்தது என்று போடுவோம். பல வாரம் எதிர்ப்பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கும். அந்தப் பக்கத்துக்காக இரண்டு கட்சிக்காரர்களும் எங்களைத் திட்டினார்கள். அச்சக முதலாளி நல்ல மனுஷர். “தாயி, எல்லாக் கட்சியும் நம்ம கஸ்டமரு, பாத்துப் பண்ணு,” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தாளை விற்கக் கடை கிடையாது. விடியற்காலையில் போடி ஜீப் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போவேன். அந்த நேரத்தில் பெண்கள் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் படங்குமாக வந்து இறங்குவார்கள். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். ஜீப்புக்கு ஒன்று கொடுத்தால் போதும். போடிமெட்டு ஏறுவதற்குள் வாசிக்கத் தெரிந்த ஒருத்தி எல்லாருக்கும் வாசித்துவிடுவாள். அதனால் அதற்கு ஜீப்புத்தாள் என்றே பெயராகிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் அந்த ஜீப்புகளில் ஒன்று கவிழ்ந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஏறும்போது நின்று, பின்னால் உருண்டு, மலைப் பக்கத்து ஓடையில் இடித்துச் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண் அங்கேயே செத்துப்போனாள். மற்றவர்களுக்குக் கையும் காலும் முறிந்தன.

மறுநாள் தினசரிகளில் ஒரு பத்திச் செய்தி வந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவால் ஜீப் கவிழ்ந்து பெண் பலி, ஓட்டுநர் கைது. எல்லாப் பேப்பரிலும் ஏறக்குறைய அதே வரிகள். ஒரு தினசரிக்குச் செய்தி அனுப்புகிற நிருபர் ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு அடிக்கடி வருவார். அன்றைக்கும் வந்தார்.

“அந்த வண்டி யாரோடதுன்னு போடலயே தம்பி?” என்றேன்.

“எழுதித்தான்க்கா அனுப்புனேன். மேல வெட்டிட்டாக. எனக்கு அவ்ளோதான் எடம்,” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை. வண்டியின் சொந்தக்காரர் ஒரு கட்சியில் பொறுப்பில் இருப்பவர். அஞ்சாறு ஜீப் அவருக்கு ஓடியது. ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேதான் அவளைப் பார்த்தேன். பக்கத்துச் சிலமலை கிராமத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். தோள்பட்டை எலும்பு முறிந்து கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜீப்புத்தாளை வாங்கி வாசிக்கிறவள் என்பதால் என் முகம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள்.

“அந்த டிரைவர் தம்பிய மட்டும் பிடிச்சு உள்ள போட்டுருக்காகளாமே அக்கா. அது மொத நாளே சொல்லுச்சு. சாயங்காலம் எறங்கி வர்றப்ப ஓனருக்கு போன் போட்டு, பிரேக்கு ரெண்டு மூணு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது, வொர்க்ஷாப்புல விடணும்ன்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுச்சு. ‘இந்த வாரம் ஆளு நெறைய இருக்கு, ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம், நாளைக்கு வண்டிய எடு’ன்டு அவரு சொன்னது என் காதுல விழுந்துச்சு.”

“வேற யாரும் கேட்டாங்களா?” என்று அண்ணன் கேட்டார்.

“பின்னாடி பேச்சும் சிரிப்புமா இருக்கும். நான் முன்சீட்டுல. பின்னால உக்காந்தா வளைவுல எனக்கு வாந்தி வந்துரும். எப்பவும் முன்னாடிதான் ஏத்துவாக.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எழுதுங்க. ஆனா எம் பேரு வேண்டாம்க்கா. நாளைக்கு நான் மலைக்குப் போகணும். எம் மக பன்னெண்டாவது படிக்கிறா.”

பேர் வராது என்று நான்தான் சொன்னேன். அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அண்ணன் அன்றே எழுதினார். ‘ஜீப்பில் பயணம் செய்த ஒரு பெண் தொழிலாளி நம்மிடம் கூறியதாவது’ என்று இருந்தது. தட்டும்போது எனக்கு அது பலமில்லாமல் பட்டது. யார் வேண்டுமானாலும் கேட்பார்களே, ஓடுகிற ஜீப்பில் போனில் பேசியது பின்னால் இருந்தவளுக்கு எப்படிக் கேட்டது என்று. அதனால் ‘முன்சீட்டில் அமர்ந்திருந்த’ என்று இரண்டு வார்த்தை சேர்த்தேன். வருஷக்கணக்கில் மற்றவர்கள் எழுதியதைத் தட்டியவள், ஒரு செய்திக்கு நானாகவே உயிர் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். “அது சரியாணு. இப்ப யாரும் மறுக்க முடியாது,” என்றார்.

அந்த இதழ் போல எதுவும் அதற்கு முன் போனதில்லை. இரண்டு முறை திரும்ப அடித்தோம். முதல் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். தேனியிலிருந்தும் மூணாறிலிருந்தும் அண்ணனுக்குப் போன் வந்தது. அந்த வாரம் நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நிருபர் வந்தார். “அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. எங்க பேப்பர்ல இப்பப் போடுவாங்க போல. அந்த அம்மாவப் பாக்கணும்.”

“யாருன்னு சொல்ல மாட்டேன் தம்பி.”

அவர் சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை. “நீங்க சொல்ல வேண்டாம்க்கா. அந்த ஜீப்புல முன்சீட்டுல யாரு உக்காருவாகன்டு ஸ்டாண்டுல டீக்கடைக்காரரே சொல்றாரே.”

அவர் போன பிறகு அந்த இதழை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்து நினைத்து, பண்ணவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவளே அச்சகத்துக்கு வந்தாள். கைக்கட்டை அவிழ்த்திருந்தாள். தூக்குவாளி கையில் இருந்தது. ஸ்டாண்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள். ஸ்டூலைப் போட்டேன். உட்காரவில்லை.

“இன்னிக்கு நாலாவது நாளு அக்கா. எந்த ஜீப்புலயும் எடமில்லங்கிறாக. காலியாத்தான் நிக்குது. நான் போய் ஏறுனா ஆளு வருதுங்கிறாக. யாரும் ஏசல. அக்கா, அக்கான்டு பழகுனவக எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிறாக.”

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன்.

“பேரு போடல,” என்றாள். “சீட்டப் போட்டுட்டீகளே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கில் எங்கே தப்பு என்று காட்டுகிற மாதிரிச் சொன்னாள். அது நான் சேர்த்தது என்று சொன்னேன். அண்ணன் எழுதியதில் அது இல்லை, நான்தான் சேர்த்தேன் என்று. “தெரியாமத்தான செஞ்சிருப்பீக,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் அரை மணி நேரத்தில் அவர் முகம் மாறிவிட்டது. பேனாவை எடுத்தார்.

“இதையும் எழுதணும்மா. உண்மை சொன்னவளுக்கு ஜீப்புல எடமில்ல. இதுதான் பெரிய நியூஸு. இத விடக் கூடாது.”

எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் தலைப்பைத் தட்டினேன். பெரிய எழுத்தில் அது திரையில் நின்றது. நல்ல தலைப்புதான். பிறகு அழித்துவிட்டேன். மறுநாள் அவர் வந்ததும், “இத நான் தட்ட மாட்டேன்ணே. அவகிட்டக் கேட்டீங்களா?” என்றேன்.

“அவளுக்காகத்தான எழுதுறோம்.”

“அப்ப அவகிட்டக் கேளுங்க.”

போனில் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் குரல் வெளியே கேட்டது. “அண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். என்னைய வச்சு இன்னொரு தாளு அடிக்காதீக.”

அண்ணன் போனை வைத்துவிட்டு, “மதி, மதி,” என்றார். போதும் என்று அர்த்தம். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் அந்த வாரம் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பதினைந்து நாளைக்கு இதழும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. வரவில்லையே என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை. அது எனக்கு உறைத்தது.

மூன்று நாள் காலையில் அவளோடு ஸ்டாண்டில் போய் நின்றேன். என்னைப் பார்த்தால் யாராவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒரு டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, எனக்குப் புரியாமலா? ஏத்துனா நாளைக்கு எனக்கு லைன்ல வண்டி நிக்காது. சங்கடப்படுத்தாதீக,” என்றார். பஸ்சில் போகலாம்தான். ஆனால் பஸ்சு மெட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் அங்கே ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் நாள் அவளே, “நீங்க உங்க சோலியப் பாருங்கக்கா. எனக்கு நாலு பேரு பாக்க நிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு,” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவரின் மனைவி வந்தாள். தன் புருஷனுக்காக வாதாடும் வக்கீல் அந்த இதழில் ஐந்து பிரதி கேட்கிறார் என்றாள். நான் கொண்டு போய் வக்கீலிடமே கொடுத்தேன். வயதானவர், பொறுமையாகப் பேசினார். “தாள் நல்லாத்தான் இருக்கு. ஆனா தாள் சாட்சி சொல்லாதும்மா. ஆள் வேணும்,” என்றார்.

சிலமலைக்காரியிடம் போய்ச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். சொன்னால் அதுவே ஒரு நெருக்குதல். சொல்லாவிட்டால் அவளுக்கு வேண்டியதை நான் முடிவு பண்ணுகிறேன். ஒருமுறை அப்படி முடிவு பண்ணித்தான் இந்த நிலை. கடைசியில் சிலமலைக்குப் போனேன். வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் சொன்னதை மட்டும் சொன்னேன். ‘வர்றியா’ என்று கேட்கவில்லை.

அவள் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். அவள் புருஷன் உள்ளேயிருந்து, “எதுக்கு இந்த வம்பு?” என்றார்.

“எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி மறைச்சு என்னாகப் போகுது,” என்றாள் என்னிடம். “செத்துப்போனவ எனக்கு ரொம்ப வருஷமா பழக்கம்க்கா. பக்கத்துப் பக்கத்துலதான் காய் எடுப்போம். அவளுக்கு ஒரு சொல்லாவது யாராவது சொல்லணும்ல. வர்றேன். ஆனா தாள்ல போடக் கூடாது.”

“போட மாட்டேன்.”

“இந்தவாட்டி நெசமா?”

நெசமா என்றேன்.

வாக்குமூலம் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று நாள் அலைந்தோம். முதல் நாள் அதிகாரி வெளியே போயிருந்தார். இரண்டாம் நாள் மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்கள் என்று திரும்பினோம். மூன்றாம் நாள் எழுதினார்கள். எழுதி முடித்து அதிகாரி வாசித்துக் காட்டினார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்குத் தூக்கமே வந்தது. ‘ஓட்டுநர் உரிமையாளரிடம் தெரிவித்ததாகக் கேள்விப்பட்டேன்’ என்று ஒரு வரி வந்தது.

“சார், கேள்விப்படல,” என்றாள் அவள். “என் காதால கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா.”

“ஒண்ணில்ல சார். கேள்விப்பட்டேன்டா வேற யாரோ சொன்னதா ஆயிரும்.”

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். தினமும் எழுத்தோடு கிடக்கிற எனக்கு அந்த வரி காதில் விழுந்தும் உறைக்கவில்லை. அதை வெளியே வந்து அவளிடம் சொன்னேன். “உங்களுக்கு அது எழுத்து. நான் நாளைக்கு கோர்ட்டுல நிக்கணும்ல,” என்றாள். இரண்டு பேரும் பஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டோம். அன்றுதான் அவள் என் எதிரில் முதல்முறையாகச் சிரித்தாள்.

வழக்கில் வண்டிச் சொந்தக்காரர் பெயரும் சேர்ந்தது. அப்போது தினசரியில் பெரிதாக வந்தது. எங்கள் இதழ் சொன்னது எல்லாம் இருந்தது, எங்கள் இதழ் மட்டும் இல்லை. நிருபர் தம்பி வந்து, “கோவிச்சுக்காதீகக்கா,” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சில வாரம் ஜீப்புகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தலை எண்ணினார்கள். பிறகு எண்ணுவது நின்றது. வழக்கு இன்னும் வாய்தாவில் ஓடுகிறது. அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறாள். டிரைவர் தம்பி ஜாமீனில் வந்து வேறு ஊரில் லாரி ஓட்டுகிறார்.

அவளுக்குப் போடியில் ஏலக்காய் மூட்டை வைக்கும் ஒரு கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. எங்களிடம் லேபிள் அடிக்க வருகிற வியாபாரியிடம் நான் கேட்டு வாங்கிக் கொடுத்தது. மலைக்கூலியை விடக் குறைவு. “எப்படியும் இந்தத் தோளை வச்சுக்கிட்டு மூட்ட தூக்க முடியாதுக்கா,” என்பாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். இப்போது இதை எழுதவும் அவளிடம் கேட்டேன். “இவ்ளோ நாளாச்சு, எழுதுங்க. எம் மக வாசிக்கட்டும்,” என்றாள்.

இதழ் நின்று இரண்டு மாதம் கழித்து அண்ணன் மறுபடி தாளோடு வந்தார். மேஜையில் வைத்தார். நான் தட்ட ஆரம்பித்தேன். இப்போது அச்சடிப்பது குறைந்துவிட்டது, பெரும்பாலும் போனில்தான் போகிறது. ஏதாவது பொய் எங்களுக்கு முன்னால் மலை முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும், அது பொய் என்று எழுதுவதிலேயே பாதி இதழ் தீர்ந்துவிடும். அண்ணனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. எனக்கு மணிக்கட்டில் வலி. ஏன் விடாமல் செய்கிறோம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சரியான பதில் தெரியாது. தாள் நின்ற அந்த இரண்டு மாதமும் மலையிலிருந்து போன் வருவது மட்டும் நிற்கவில்லை. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

போன வாரம் ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு பெண் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். குடிதண்ணீர்த் தொட்டியில் பாசி, சொன்னால் மேனேஜர் விரட்டுகிறார், பேர் போடாமல் எழுதுங்கள் என்று. நான் திருப்பிக் கூப்பிட்டேன்.

“உங்க லயத்துல எத்தன வீடும்மா?”

“நாலு வீடு சேச்சி.”

“நாலு வீடுன்னா, பேரு போடலன்னாலும் தெரிஞ்சிருமே. மத்த மூணு வீட்டுலயும் கலந்து பேசிட்டுச் சொல்லு. நாலு பேரும் சரின்னா எழுதுறேன். அதுவரைக்கும் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க.”

சரி என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் கூப்பிடவில்லை. இரண்டாம் பக்கத்தில் அதற்கு இடம் விட்டு வைத்திருந்தேன். நேற்று அண்ணன், “வெரசா முடிம்மா, வேற எதையாவது போடு,” என்றார். ரேஷன் கடை திறக்கும் நேரம் மாறியிருப்பதைப் போட்டு அந்த இடத்தை நிரப்பினேன்.